சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால்

அத்தியாயம் 17

விடிந்து மணி ஆறு ஆவதற்குள் கலியமூர்த்தி மூன்று தடவை கொல்லைப்பக்கம் போய் வந்துவிட்டான்.

மூன்றாவது தடவை அவன் கால் கழுவிக்கொண்டு உள்ளே வந்தபோது, அடுப்படியில் காப்பி ஆற்றிக்கொண்டிருந்த அவன் தாயார் ரத்தினம்மாள் தலையை நிமிர்த்தாமலே மருமகளைக் கேட்டாள்.

"அவனோடது எடுத்து வெச்சிக்கிட்டியா?"

"வெச்சிக்கிட்டேன் அத்தே. ரெண்டுதான் மிச்சம் இருக்குது."

"போதும். ஒரு வேளைச் சோறுதான? யாரும் பாக்காம குடு."

விருத்தாம்பாள் தலையாட்டினாள். மாத்திரை என்ற சொல்லை அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

நாலு மாதத்துக்கு முன், மஞ்சக்குப்பத்துப் பள்ளிக்கூடத்தில், ஒன்பதாம் வகுப்புக்கு அல்ஜீப்ரா நடத்திக்கொண்டிருந்த கலியமூர்த்தி பாதிக் கணக்கில் சாக்பீஸைப் போட்டுவிட்டு வெளியே ஓடினான். மறுநாளும் ஓடினான். அந்த வாரக் கடைசிக்குள் பையன்கள் அவனுக்கு 'எக்ஸ்பிரஸ் சார்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். பெண்டாட்டி பிடிவாதமாக இழுத்துக்கொண்டு போனதால்தான் பழைய நகரத்து டாக்டரிடம் போனான். அவர் வயிற்றை நாலு பக்கமும் அமுக்கினார், படம் எடுத்துப் பார்த்தார், சிரித்தார்.

"புண்ணு இல்ல. கட்டி இல்ல. பூச்சி இல்ல. உங்க குடல் ஒரு பயந்தாங்கொள்ளி, வாத்தியாரே. நீங்க பயந்தா அது முறுக்கிக்குது. இந்த மாத்திரை முறுக்கைத் தளர்த்தும், அவ்வளவுதான். சீக்கைத் தீர்க்காது. சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால ஒண்ணு. ஒண்ணுதான். வாய் வறளும், கிட்டத்து எழுத்து மங்கும். அதுக்கும் சேர்த்து பயப்படாதீங்க."

மாத்திரை கட்டிக் கொடுத்த கம்பவுண்டர் திருப்பாதிரிப்புலியூரில் இவர்கள் தெருவிலேயே மூன்றாவது வீட்டுக்காரர். அவர் காகித உறையைக் கையில் எடுத்து, "பேரு?" என்று கேட்டதும் கலியமூர்த்தி சட்டென்று மனைவி பக்கம் கையைக் காட்டினான்.

"விருத்தாம்பாள். வயசு இருபத்தஞ்சு."

அன்றைக்கு அவளுக்கு அது வேடிக்கையாக இருந்தது. பஸ்ஸில் வரும்போது, "எனக்குத் தலைவலி வந்தா உங்க பேர்ல வாங்கிக்கறேன்," என்று சொல்லிச் சிரித்தாள். அவனும் சிரித்தான். அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் அவள்தான் போய் அவள் பெயரிலேயே வாங்கி வந்தாள்.

மறைத்ததற்குக் காரணம் இருந்தது. கலியமூர்த்தியின் தகப்பனார் கோவிந்தசாமி ஒன்பது வருஷத்துக்கு முன் கிணற்றில் விழுந்து இறந்தவர். ஊருக்குச் சொன்னது, கால் வழுக்கிவிட்டது என்று. வீட்டுக்குத் தெரிந்தது, வயிற்று வலி தாங்கவில்லை என்று. மகனுக்கும் அதே வயிறு என்று தெரிந்தால், வீட்டில் இருக்கும் தங்கை தனக்கோடியை எவன் கட்டுவான்?

தனக்கோடிக்கு இருபது முடிகிறது. ஏற்கெனவே இரண்டு இடம் வந்து, விசாரித்து, பதில் போடாமல் போய்விட்டது. இப்போது மூன்றாவதாகச் சிதம்பரம். பையன் தங்கராசுக்கு நெய்வேலியில் நிலக்கரிச் சுரங்கத்தில் உத்தியோகம். அவர்கள் வந்து பெண்ணைப் பார்த்தாயிற்று, பிடித்துவிட்டது. இன்றைக்கு இவர்கள் போய் அவர்கள் வீட்டில் கை நனைக்க வேண்டும். சம்பந்தம் முடிவாகும்வரை இரு தரப்பும் ஒருவர் வீட்டில் ஒருவர் பச்சைத் தண்ணீர் தவிர எதுவும் தொடுவதில்லை. பெண்ணுக்கு அண்ணன் முதல் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுக் கை கழுவிவிட்டால் பேச்சு முடிந்தது, தட்டு மாற்றிக்கொள்ளலாம். அவன் பாதி இலையில் எழுந்தால், பேச்சும் எழுந்துவிட்டது என்று அர்த்தம்.

விருத்தாம்பாள் தலை பின்னிக்கொண்டிருக்கும்போது தனக்கோடி வந்து அவள் கையைப் பிடித்தாள்.

"அண்ணி, அண்ணனை எப்படியாவது சாப்பிட வெச்சிருங்க."

"சாப்பிடுவாரு. அந்தக் கவலைய என்கிட்ட விடு."

"இந்த இடமும் போச்சுன்னா நானும் அப்பா போன வழிதான்."

"சீ, வாயக் கழுவு. போயி பூவ எடுத்துட்டு வா."

---

காலை வண்டியில் ஐந்து பேர் ஏறினார்கள்: தாயார், மகன், மருமகள், பங்காளி முறையில் இரண்டு கிழவர்கள். ரயிலிலேயே மாத்திரையைப் போட்டுவிடலாம் என்றால், பந்தி எத்தனை மணிக்கு என்று தெரியாது. முன்கூட்டிப் போட்டால் அதன் வேகம் இலைக்கு முன்னால் உட்காரும்போது போய்விடும். ஆலப்பாக்கம் தாண்டும்போதே கலியமூர்த்தியின் நெற்றி வியர்த்தது. பரங்கிப்பேட்டையில் வண்டி நின்றபோது அவன் எழுந்து, பிறகு உட்கார்ந்தான்.

"இன்னாங்க பண்ணுது?"

"ஒண்ணும் இல்ல."

"நான் இருக்கேன் இல்ல. நேரம் பாத்துக் குடுத்துடறேன்."

அவன் அவள் முழங்கையை ஒரு கணம் தொட்டான். எதிரில் தாயார் உட்கார்ந்திருந்தாள்; கையை எடுத்துக்கொண்டான்.

சிதம்பரத்தில் கீழவீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் வீடு. மாப்பிள்ளையின் தகப்பனார் பொன்னுரங்கம், தாலுகா ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். மூக்குக்கண்ணாடியைக் கழற்றாமலே கும்பிட்டார். மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கவில்லை என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். கேள்வி கேட்கிற வேலை அவருடையதல்ல. அது அவர் மனைவி தில்லையம்மாளுடையது.

"வாங்க சம்மந்தி, வாங்க. இவருதான் வாத்தியாரா? இன்னா இப்படி எளச்சிருக்காரு? படத்துல பூசினாப்ல இருந்தாரே?"

"பள்ளிக்கூடத்துல வேல ஜாஸ்திங்க," என்றாள் ரத்தினம்மாள். "மத்தபடி எம் மவன் கல்லத் தின்னாலும் செரிச்சிடுவான்."

"அதான் வேணும். எதுக்குச் சொல்றேன்னா, பண்ருட்டிப் பக்கம் ஒருத்தரு உங்க வீட்டுக்காரரு சாவப் பத்தி ஏதோ சொன்னாரு. வயித்து வலி, அது இதுன்னு."

"பொறாமப் புடிச்சவங்க சொல்றது."

"நானும் அப்படித்தான் சொன்னேன். இன்னிக்கு நேர்லயே பாத்துக்குவோம், அண்ணங்காரரு சாப்பிடறதப் பாத்தா தெரிஞ்சிடப் போவுதுன்னு."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ரத்தினம்மாளும் சிரித்தாள். கலியமூர்த்தி தண்ணீர் கேட்டான்.

மணி பதினொன்றே கால் ஆயிற்று. "பன்னெண்டுக்குள்ள இல போட்டுடலாம்" என்று உள்ளிருந்து குரல் வந்தது. விருத்தாம்பாள் மனசுக்குள் கணக்குப் போட்டாள். கணவன் முற்றத்தைத் தாண்டி, கொல்லைக்குப் போகும் நடையில் நின்றிருந்தான். அவள் சொம்பில் தண்ணீரோடு அங்கே போய், இடுப்பில் செருகியிருந்த உறையை எடுத்துப் பிரித்தாள்.

"அது இன்னாம்மா கையில?"

பின்னால் தில்லையம்மாள் நின்றாள். கையில் அப்பளக் கூடை. அதைக் கீழே வைத்துவிட்டு உறையை வாங்கிக்கொண்டாள். எழுத்து இருப்பதைப் பார்த்ததும் கூடத்தை நோக்கிக் குரல் கொடுத்தாள்.

"இந்தாங்க, இதக் கொஞ்சம் படிங்க."

பொன்னுரங்கம் கண்ணாடியை மேலே ஏற்றிக்கொண்டு, ஆபீஸில் மனுப் படிப்பது போல் எல்லோருக்கும் கேட்கப் படித்தார்.

"விருத்தாம்பாள். வயது இருபத்தைந்து. சாப்பாட்டுக்கு அரை மணி முன் ஒன்று."

"யாரும்மா விருத்தாம்பாள்?"

"நாந்தாங்க."

"உனக்கு இன்னா ஒடம்புக்கு?"

விருத்தாம்பாள் ஒரு நொடிதான் யோசித்தாள். கணவன் அவளுக்குப் பின்னால் சுவரோடு ஒட்டி நின்றிருந்தான்.

"வயித்து வலிங்க. எப்பவாச்சும் வரும்."

தில்லையம்மாள் மூச்சை விட்டாள். "நல்ல வேள. நான் பயந்தே போயிட்டேன். உங்க வீட்டு ரத்தமா இருந்தா யோசிக்கணும். மருமவ வேற வீட்டுப் பொண்ணுதான?"

அதோடு முடிந்திருக்கலாம். விருத்தாம்பாளும் முடிந்தது என்றுதான் நினைத்தாள். தன் வாயால் ஒரு பொய் சொல்லிவிட்டால் நாத்தனார் கல்யாணம் நடந்துவிடும் என்றால், அவளுக்கு அது பெரிய காரியமில்லை.

ஆனால் ரத்தினம்மாள் கூடத்தில் இருந்து எழுந்து வந்தாள். பொய் பலிக்கிறது என்று கண்டதும் அவளுக்கு அதை இன்னும் கொஞ்சம் கெட்டிப்படுத்த வேண்டும் போல் இருந்தது.

"எப்பவாச்சும் இன்னா, தெனமுந்தான். கட்டிக்கிட்டு வந்த நாளா இதே ரோதன. விடியக்காலம் பாத்தா கொல்லையிலதான் இருப்பா. நாலு வருசம் ஆச்சு, வயித்துல ஒரு புழு பூச்சி இல்ல. எப்படித் தங்கும்? வயிறா அது?"

"அத்தே..."

"நீ சும்மா இரு. மறைக்கிறதுக்கு இன்னா இருக்குது? சம்மந்தி நம்ம மனுசங்க. அவ அப்பன் வீட்டுல சொல்லாம கட்டி வெச்சிட்டாங்க. நாங்க ஏமாந்துட்டோம்."

தில்லையம்மாளுக்குப் பேச்சு சுவையாகிவிட்டது. நடையிலேயே நின்றுகொண்டு கேட்டாள்.

"அப்ப இன்னா பண்ணப் போறீங்க?"

"இன்னா பண்றது. இந்தக் கல்யாணம் முடியட்டும். அவ அம்மா வீட்டுல கொண்டுபோயி விட்டுட வேண்டியதுதான். ஒரே மவன். எனக்கும் பேரன் பேத்தி வேணாமா?"

பொன்னுரங்கம் கூடத்திலிருந்து இருமினார். "உத்தியோகத்துல இருக்கறவருங்க. இன்னொண்ணு கட்டறதுன்னா சட்டம் இருக்குது."

"தீத்துவிட்டு எழுதி வாங்கிட்டா சட்டம் இன்னா பண்ணும்?" என்றாள் தில்லையம்மாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். ஆனால் எல்லோருக்கும் கேட்டது. "எங்க பெரியவ குப்பு இருக்கா. இருபத்தெட்டு ஆவுது. செவ்வாய் தோசம், அதனால நின்னுபோச்சு. ரெண்டாந்தாரம்னா தோசம் பாக்க மாட்டாங்க. பேச்சுக்குச் சொன்னேன்."

"பேச்சுன்னாலும் நல்ல பேச்சுதான?" என்றாள் ரத்தினம்மாள்.

விருத்தாம்பாள் திரும்பிக் கணவனைப் பார்த்தாள். மாத்திரை என்னுடையது என்று அவன் சொல்ல வேண்டாம். தனக்கோடி கல்யாணம் நின்றுவிடும். அது அவளுக்கும் தெரியும். 'அவளை அனுப்ப மாட்டேன்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அதனால் யாருக்கும் எந்த நஷ்டமும் இல்லை. தங்கை கல்யாணத்தில் ஒரு தூசு விழாது.

கலியமூர்த்தி சுவரில் மாட்டியிருந்த நாள்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நின்னுக்கிட்டே இருந்தா எப்படி?" என்று தில்லையம்மாள் உறையைத் திருப்பிக் கொடுத்தாள். "அரை மணி முன்னாலன்னு போட்டிருக்குது. மணி ஆவுது, முழுங்கு. காலையில போட்டியா?"

"இல்லீங்க."

"அப்ப ரெண்டையும் போட்டுக்க. பந்தி நடுவுல வலின்னு படுத்துட்டீன்னா எங்க வீட்டுச் சோத்து மேல பழி வரும்."

ரத்தினம்மாளின் கண் சட்டென்று மகன் பக்கம் போயிற்று. இருந்தது இரண்டு. ஒரு கணம் அவள் உதடு அசைந்தது. பிறகு சொன்னாள்.

"போட்டுக்கடி. அவுங்க சொல்றாங்க இல்ல."

விருத்தாம்பாள் இரண்டையும் உள்ளங்கையில் கொட்டினாள். இப்போதாவது சொல்வான் என்று எண்ணி, மெதுவாகத்தான் வாய்க்குக் கொண்டுபோனாள். அவன் சொல்லவில்லை. அவள் விழுங்கியபோது அவன் தொண்டை மட்டும் ஏறி இறங்கியது.

---

பன்னிரண்டு அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கையில் ஆண்கள் இலையில் உட்கார்ந்தார்கள். அரிசிக் கடையில் வரிசையில் நின்று அளந்து வாங்குகிற காலம். ஆனாலும் தில்லையம்மாள் எங்கிருந்தோ சீரகச் சம்பா வரவழைத்திருந்தாள். வாழைக்காய் வறுவல், அவரைப் பொரியல், உருளைக்கிழங்கு, வடை, அப்பளம், இரண்டு வகைப் பாயசம். கலியமூர்த்தியின் இலைக்கு எதிரே முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"எங்க வீட்டுல இலையில மிச்சம் வெக்கிற பழக்கம் இல்லீங்க. சொல்லிட்டேன்."

"சரிங்க."

"குப்பு, நெய்ய ஊத்து."

குப்பு வந்தாள். உயரமான பெண். நெய்க் கிண்ணத்தோடு குனிந்தபோது யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"இன்னும் ஊத்துடி. பொட்டு வெச்ச மாதிரி ஊத்தற."

விருத்தாம்பாள் தண்ணீர்ச் செம்போடு கூடத்துத் தூணருகே நின்றாள். பெண்கள் அடுத்த பந்திதான். அவள் கணவன் இலையில் இன்னொருத்தி நெய் ஊற்றுவதை எல்லோரும் பார்த்தார்கள்; பங்காளிக் கிழவர் ஒருவர் பக்கத்து ஆளை முழங்கையால் இடித்தார். மாத்திரை அவள் உடம்பில் வேலையைத் தொடங்கியிருந்தது. நாக்கு மேலண்ணத்தில் காகிதம் போல ஒட்டிக்கொண்டது. கன்னம் சுட்டது. நெஞ்சு, யாரோ கதவைத் தட்டுவது போல் தட்டியது. கையில் இருந்த செம்பின் விளிம்பு தெளிவாகத் தெரியவில்லை. பத்தடி தள்ளி இருந்த கணவன் முகம் மட்டும் பளிச்சென்று தெரிந்தது.

சாம்பார் சாதம் இறங்கியது. ரசம் வந்தது. அப்போதுதான் அவள் அந்த அடையாளத்தைக் கண்டாள். அவன் இடது கை அடிவயிற்றில் போய் உட்கார்ந்தது. வலது கால் பெருவிரல் தரையில் ஊன்றி வெளுத்தது. பேச்சுக் கொடுத்த பொன்னுரங்கத்துக்குத் தலையை மட்டும் ஆட்டினான். வீட்டில் இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் அடுத்த இரண்டு நிமிஷத்தில் கொல்லைக் கதவு சாத்தும் சத்தம் கேட்கும்.

இன்னும் பாயசம் இரண்டு, மோர், பழம். எப்படிப் பார்த்தாலும் கால் மணி.

"வாத்தியாரே, இன்னா சாப்பிடாம கையால பெசையறீங்க?" தில்லையம்மாள் முன்னால் குனிந்தாள். "வேர்க்குது உங்களுக்கு. காரமா?"

"இ... இல்லீங்க."

"வயிறு கிய்று சரியில்லையா?"

கலியமூர்த்தி தாயாரைப் பார்த்தான். தாயார் தரையைப் பார்த்தாள். பிறகு அவன் மனைவியைப் பார்த்தான். நாலு மாதமாகப் பார்த்த அதே பார்வை: எதையாவது செய், விருத்தா.

அவள் செய்தாள். தண்ணீர்ச் செம்பைக் கையிலிருந்து விட்டாள். அது தரையில் மோதி உருண்டது. தூணோடு சரிந்து, கீழே விழுந்து, கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஐயய்யோ, பொண்ணு விழுந்துடுச்சு!"

எல்லோரும் எழுந்தார்கள். இலைகள் மிதிபட்டன. கலியமூர்த்தி எல்லோருக்கும் முன்னால் எழுந்தான்.

"தண்ணி! நான் போயி கெணத்துத் தண்ணி கொண்டாரேன்!" என்று கொல்லைப்பக்கம் ஓடினான். பெண்டாட்டி மேல் என்ன பாசம் என்று பொன்னுரங்கமே வாய்விட்டுச் சொன்னார்.

ஈரத் தரையில் கிடந்த விருத்தாம்பாளுக்கு எல்லாம் கேட்டது.

"மொகம் பாரு, மெளகாப் பழமா செவந்திருக்குது."

"காக்கா வலிப்பா இருக்குமா? சாவிக்கொத்தக் கையில குடுங்க."

இரும்புச் சாவிக்கொத்து ஒன்றை யாரோ அவள் விரல்களுக்குள் திணித்து மூடினார்கள்.

"வலிப்பும் உண்டுங்களா சம்மந்தி?" இது தில்லையம்மாள்.

"இருந்தாலும் இருக்கும்," என்றாள் ரத்தினம்மாள். "இன்னும் இன்னா இன்னா இருக்குதோ, யாருக்குத் தெரியும். எல்லாத்தையும் சேத்து எங்க தலையில கட்டிட்டாங்க. பொண்ணு குடுத்தாங்களா, ஆஸ்பத்திரியக் குடுத்தாங்களா?"

யாரோ சிரித்தார்கள்.

"எல்லாருமே எழுந்துட்டதால இத எழுந்ததா கணக்கு வெக்க வேணாம். ராகு காலம் நாலரைக்கு. அதுக்குள்ள தட்டு மாத்தணும்," என்றார் பொன்னுரங்கம். "இந்தம்மாவை இப்படி வெச்சிக்கிட்டு எப்படி?"

"அதுக்கு இன்னாங்க, இவ அம்மா வீடு சீர்காழிதான? மத்தியான வண்டியில ஆள் கூட்டி ஏத்தி விட்டுடலாம். எப்படியும் அனுப்பறதுதான். இன்னிக்கே போவட்டும். நல்ல காரியத்துக்கு நடுவுல எதுக்கு?" என்றாள் ரத்தினம்மாள்.

தண்ணீர் கொண்டுவரப் போன கலியமூர்த்தி பத்து நிமிஷம் கழித்துத் திரும்பி வந்தான். கையில் தண்ணீர் இல்லை. முகம் தெளிந்திருந்தது. வேட்டியைச் சரியாகக் கட்டியிருந்தான்.

"வாங்க வாத்தியாரே," என்றாள் தில்லையம்மாள். "அம்மா ஒரு யோசன சொல்றாங்க. உங்க சம்சாரத்த இன்னிக்கே அவுங்க அம்மா வீட்டுக்கு அனுப்பிடலாம்னு. நீங்க இன்னா சொல்றீங்க? கட்டினவரு நீங்க. உங்க வாயால சொல்லணும்."

கீழே விருத்தாம்பாள் மூச்சை அடக்கிக்கொண்டாள். சாவிக்கொத்து விரலில் அழுந்தியது. வலி போய்விட்டது அவனுக்கு. பயமும் போயிருக்கும். இப்போது சொல்லலாம். ஒரு வார்த்தை.

"அம்மா சொல்றபடி செஞ்சிடுங்க," என்றான் கலியமூர்த்தி. கொஞ்சம் யோசித்து, "அவளுக்கும் ரெஸ்ட் வேணும்," என்று சேர்த்துக்கொண்டான்.

விருத்தாம்பாள் கண்ணைத் திறந்தாள். எழுந்து உட்கார்ந்தாள். சாவிக்கொத்தைப் பக்கத்தில் வைத்தாள். நனைந்த முந்தானையைப் பிழிந்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"இன்னாம்மா, தெளிஞ்சிடுச்சா?"

"தெளிஞ்சிடுச்சுங்க. பசிக்குது." நாக்கு வறண்டு குரல் கரகரத்தது. "எனக்கு ஒரு இலை போடுங்க."

ரத்தினம்மாள்தான் முதலில் வாயைத் திறந்தாள்.

"ஒடம்பு முடியாதவளுக்குச் சோறா? படு, பேசாம."

"கேக்கறாங்க இல்ல," என்றது ஒரு குரல். குப்பு. அவள் கூடத்து ஓரத்தில் ஒரு இலையை விரித்து, தண்ணீர் தெளித்துத் துடைத்தாள்.

விருத்தாம்பாள் போய் உட்கார்ந்தாள். இலையில் விழுந்ததெல்லாம் அவளுக்குக் கலங்கலாகத்தான் தெரிந்தது. கையால் தடவித்தான் எது எது என்று கண்டாள். வாயில் எச்சில் இல்லை. சோற்றில் சாம்பாரை நிறைய விட்டுக் குழைத்து விழுங்கினாள். வடை இரண்டு தின்றாள். உருளைக்கிழங்கு இரண்டாம் தடவை வாங்கிக்கொண்டாள். நெய் விடச் சொன்னாள், இன்னும் விடச் சொன்னாள். முதல் பாயசம் முடிந்து இரண்டாவது பாயசத்தை இலையில் ஊற்றி, அப்பளத்தை நொறுக்கிப் போட்டு, வழித்துச் சாப்பிட்டாள். மறுபடி ரசத்துக்குச் சோறு கேட்டாள்.

முதலில் வேடிக்கை பார்த்தார்கள். பிறகு வறுவல் மெல்லும் சத்தம் கூடம் முழுவதும் கேட்டது.

"மெதுவா, மெதுவா," என்றாள் ரத்தினம்மாள். "இப்படித் தின்னுட்டுத்தான் அப்பறம் வலி வலின்னு..."

"இவ்வளவு தின்னா வலிக்காரிக்கு இந்நேரம் உயிர் போயிருக்கணுமே சம்மந்தி," என்றாள் தில்லையம்மாள்.

அவள் முக்காலியில் இருந்து எழுந்தாள். மெதுவாக நடந்து முதல் பந்தி நடந்த இடத்துக்குப் போனாள். கலியமூர்த்தியின் இலை மூடப்படாமல் கிடந்தது. பிசைந்த சோறு பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. கொல்லைக் கதவைப் பார்த்தாள். தண்ணீர் எடுக்கப் போய் வெறுங்கையோடு வந்து நிற்கும் கலியமூர்த்தியைப் பார்த்தாள். பிறகு விருத்தாம்பாள் எதிரே வந்து தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

"ஏம்மா," என்றாள். அதட்டல் இல்லை இப்போது. "வயித்து வலி யாருக்கு?"

"சம்மந்தி, தட்டு மாத்திக்கிற நேரம் போவுது..."

"நீங்க இருங்க. நான் அவளத்தான் கேக்கறேன்."

தனக்கோடியின் முகம் விருத்தாம்பாளின் நினைவில் ஒரு தரம் வந்தது. பூவை நீட்டிக்கொண்டு, காலையில் நின்றபடியே. போயிற்று. அவள் தலையைத் தூக்கினாள். தூரத்தில் இருந்த கணவன் முகம் நன்றாகத் தெரிந்தது. அவள் விழுந்ததிலிருந்து இப்போதுதான் அவன் அவளை நேருக்கு நேர் பார்த்தான். வேணாம், வேணாம் என்று அவன் உதடு சத்தமில்லாமல் அசைந்தது. இடது கை மறுபடி அடிவயிற்றுக்குப் போயிருந்தது.

விருத்தாம்பாள் கடைசி ரசச் சோற்றை உருட்டி வாயில் போட்டுக்கொண்டாள். அவசரப்படாமல் மென்றாள்.

"மோர் ஊத்துங்கக்கா," என்று குப்புவிடம் இலையைக் காட்டினாள். "சாப்பிட்டுட்டுச் சொல்றேன்."